‘எழுத்தாளரோட வீட்டுக்காரர்’ என்னதான் செய்யணும்?

வாசகர் கேள்வி, அக்கா பதில்

சென்னைப் புத்தகக் காட்சி முடிந்து, பதிப்பகங்கள் மிச்சப் பண்டல்களைக் கட்டி லாரி ஏற்றிய கையோடு வந்த கடிதங்கள் இவை. பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: வீட்டில் எழுதியவர் ஒருவர், அல்லாடுகிறவர் இன்னொருவர். அதனால் இந்த இதழில் மற்றதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மாமியார் பிரச்சினை எழுதியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அது எங்கேயும் ஓடிப்போகாது, அடுத்த இதழில் பார்க்கலாம்.

அன்புள்ள அக்கா, எனக்கு 44 வயது. திண்டுக்கல்லில் எலெக்ட்ரிக்கல் சாமான் கடை வைத்திருக்கிறேன். மனைவி அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியை. அவர் எழுதிய முதல் நாவல் டிசம்பர் கடைசியில் சென்னையில் வெளியானது. இருநூறு பிரதி போதும் என்றுதான் பதிப்பாளர் ஆரம்பித்தார், புத்தகக் காட்சி முடிவதற்குள் மூன்றாவது தடவை அச்சடித்துவிட்டார்கள். அதிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நாங்கள் வீட்டில் இல்லை. மதுரையில் கூட்டம், திருச்சியில் கல்லூரி, கோவையில் வாசகர் சந்திப்பு, நடுவில் யூடியூப் பேட்டி. எல்லாவற்றுக்கும் நான் கூடப் போகிறேன். புத்தகப் பெட்டியைத் தூக்குகிறேன், வாசலில் மேசை போட்டு விற்கிறேன், ஃபோட்டோ எடுக்கிறேன். சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் கடையைப் பார்க்க ஆளில்லை, எட்டாவது படிக்கிற பையன் பாட்டியிடம் வளர்கிறான், செலவு கையை மீறுகிறது. ‘என்னடா, பொண்டாட்டிக்குப் பெட்டி தூக்கறியாமே’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நாவலில் வரும் கணவன் குடிகாரன், சந்தேகப் பிராணி. அது நீங்கதானா மாப்ளே என்று மச்சான் முகத்துக்கு நேரே கேட்கிறார். போன வாரம் ஒருவர் ஃபேஸ்புக்கில் நாவலைக் கிழித்து எழுதினார், தாங்க முடியாமல் நான் பதில் போட்டேன், அது பெரிய சண்டையாகி மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஏப்ரலில் சிங்கப்பூருக்கு வேறு கூப்பிடுகிறார்கள். நான் எதைச் செய்யணும், எதைச் செய்யக் கூடாது? – பெயர் வேண்டாம், திண்டுக்கல்

தம்பி, முதலில் அந்தப் பெட்டியைக் கீழே வையுங்கள்.

கேலிக்குப் பயந்து சொல்லவில்லை. அது உங்கள் வேலை இல்லை என்பதால் சொல்கிறேன். புத்தகத்தை அச்சடிப்பது, ஊர் ஊராகக் கொண்டு சேர்ப்பது, மேசை போட்டு விற்பது எல்லாம் பதிப்பாளர் பாடு. பதிப்பக ஆபீஸில் புரூஃப் பார்த்தே வயிறு வளர்த்தவள் நான், அந்தப் பக்கத்து ரகசியம் தெரிந்துதான் பேசுகிறேன். எழுத்தாளர் வீட்டில் யாராவது பெட்டி தூக்கத் தயாராக இருந்தால் நாங்கள் வேண்டாம் என்று சொல்லவே மாட்டோம். எங்களுக்கு ஒரு பையன் சம்பளமும் பார்சல் கூலியும் மிச்சம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். புத்தகம் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தமிழில் ராயல்டி, அதாவது விற்ற பிரதிக்கு எழுத்தாளருக்குக் கிடைக்கிற பங்கு, வழக்கமாகப் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், ஒரு பிரதிக்கு 30 ரூபாய். அதையும் ஆண்டுக்கு ஒரு தடவைதான் கணக்குப் பார்த்துத் தருவார்கள். பதிப்பாளரிடம் நீங்களே கழிவில், அதாவது தள்ளுபடி விலையில், வாங்கி விற்றால் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். 35 சதவீதக் கழிவில் எடுத்து, வாசகருக்குப் பத்து சதவீதம் தள்ளிக் கொடுத்தால் ஒரு பிரதிக்கு 75 ரூபாய், நாற்பது பிரதி விற்றால் 3,000. திருச்சிக்கோ கோவைக்கோ காரில் போய்வந்த டீசல், டோல்கேட், இரண்டு பேர் சாப்பாடு, அன்றைக்குக் கடையில் போன வியாபாரம் இவற்றையெல்லாம் கழித்தால் என்ன மிஞ்சும் என்று கடைக்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்னொன்று, ஆசிரியர் கழிவில் வாங்கிய பிரதிக்கு ராயல்டி உண்டா இல்லையா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அந்தத் தாளை எடுத்து ஒரு தடவை படித்துவிடுங்கள், ஒப்பந்தமே போடவில்லை என்றால் மூன்றாவது அச்சு விற்றுத் தீர்வதற்குள் போட்டுவிடச் சொல்லுங்கள்.

ஆக, அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வந்ததும் உங்கள் மனைவி பதிப்பாளருக்கு ஒரு செய்தி அனுப்பட்டும்: இந்தத் தேதியில், இந்த ஊரில் கூட்டம், புத்தகம் அனுப்பிவிடுங்கள் என்று. உள்ளூர்ப் புத்தகக் கடைக்காரர் ஒருவர் மேசை போடுவார், பல ஊர்களில் கூட்டம் நடத்துகிறவர்களே அதை ஏற்பாடு செய்துவிடுவார்கள். உங்களுக்கு இரண்டாம் வரிசையில் ஒரு நாற்காலி. உட்கார்ந்து மனைவி பேசுவதைக் கேட்டிருக்கிறீர்களா, இல்லை இத்தனை ஊரிலும் வாசலில் சில்லறை எண்ணிக்கொண்டே இருந்தீர்களா?

சரி, அப்படியானால் உங்கள் வேலை எது?

ஒன்று, காலண்டர். புத்தகக் காட்சி முடிந்தால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அடங்காது. 1977-ல் சென்னையில் தொடங்கியபோது அது ஒன்றுதான் பெரிய சந்தை. இப்போது அப்படியா? ஜூலையில் நெய்வேலி, கோவை, ஆகஸ்டில் ஈரோடு, அப்புறம் மதுரை என்று வரிசையாக வரும். 2022-க்குப் பிறகு மாவட்டந்தோறும் அரசே புத்தகத் திருவிழா நடத்துகிறது, உங்கள் திண்டுக்கல்லும் சேர்த்துத்தான். இந்த வருஷம் பேசப்பட்ட நாவல் என்றால் எல்லா ஊரிலிருந்தும் கூப்பிடுவார்கள். இன்னொரு பக்கம், உங்கள் மனைவி சம்பளம் வாங்குவது பள்ளிக்கூடத்தில். ஆண்டுக்குத் தற்செயல் விடுப்பு 12 நாள்தான், அதில் எத்தனை ஏற்கெனவே போயிற்று? மார்ச், ஏப்ரல் பொதுத் தேர்வு, அதன் பின்னாலேயே விடைத்தாள் திருத்தும் முகாம். ஞாயிறு ராத்திரி எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி, விடியுமுன் திண்டுக்கல்லில் இறங்கி, குளித்தும் குளிக்காமலும் முதல் பீரியடுக்கு ஓடுவதை ஒரு மாதம் செய்யலாம், ஒரு வருஷம் முடியாது. இரண்டு பேரும் உட்கார்ந்து, மாதத்துக்கு எத்தனை வெளியூர் என்று ஒரு எண்ணை முடிவு செய்யுங்கள். எண்ணை அவர் சொல்ல வேண்டும், நீங்கள் இல்லை.

சிங்கப்பூர் விஷயமும் இதில்தான் வருகிறது. ஏப்ரலில் அங்கே தமிழ் மொழி விழா நடக்கும், அதற்கான அழைப்பாக இருக்கும். நல்ல வாய்ப்புதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அரசு ஊழியர் வெளிநாடு போக துறையின் தடையின்மைச் சான்று வேண்டும், அது மேசை மேசையாக நகர்ந்து வருவதற்குள் மாதம் போய்விடும், போதாததற்குத் தேர்வுக் காலம். இன்றைக்கே தலைமையாசிரியரிடம் பேசச் சொல்லுங்கள். அழைத்தவர்களிடம் டிக்கெட், விசா, தங்கும் இடம் எல்லாம் யார் பொறுப்பு என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். உங்களுக்கும் ஒரு டிக்கெட் கேட்கலாமா என்று மனதில் ஓடியிருக்கும். கேட்காதீர்கள். வேண்டுமென்றால் சொந்தக் காசில் போய் வாருங்கள், பையனையும் கூட்டிக்கொண்டு.

இரண்டாவது வேலை, கெட்டவனாக இருப்பது. நம் இலக்கியக் கூட்டம் எப்படி நடக்கும் என்று இந்நேரம் பார்த்திருப்பீர்கள். அழைப்பிதழில் மாலை 5 மணி என்று இருக்கும், தலைமை தாங்குகிறவர் ஆறேகாலுக்கு வருவார். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை மூன்று, ஆய்வுரை இரண்டு, எல்லாருக்கும் பொன்னாடை, நினைவுப் பரிசு, ஒவ்வொன்றுக்கும் ஃபோட்டோ. கடைசியில் ஒன்பது மணிக்கு ஏற்புரைக்கு எழுத்தாளரைக் கூப்பிடும்போது பின்வரிசையில் ஒருவர் ஃபேனை நிறுத்திக்கொண்டிருப்பார். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்ட பெண் பசியோடு எழுந்து நின்று பேசணும். இந்த இடத்தில் நீங்கள் உதவலாம். கூட்டத்துக்கு முன்னால் இரண்டு இட்லியாவது அவர் உள்ளே போனதா என்று பாருங்கள். முடிந்ததும் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு தன் கவிதைத் தொகுப்பைப் பற்றி அரைமணி நேரம் பேச ஆரம்பித்தால், ‘பையன் தனியா இருக்கான், கிளம்பணும்’ என்று வாட்சைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். ‘வீட்டுக்காரர் அவசரப்படுத்தறார்’ என்று அவர் சிரித்தபடி நழுவிவிடலாம். இதற்கு இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஜாடை வைத்துக்கொள்ளுங்கள், அவர் ஜாடை காட்டினால் மட்டும் கெட்டவன் ஆகுங்கள்.

ஆனால் இதிலேயே ஒரு அடி கூடுதலாகப் போய்விடுகிற கணவர்களையும் நிறையப் பார்த்துவிட்டேன். ‘அவங்ககிட்டப் பேசணும்னா எங்கிட்டப் பேசுங்க’ என்று ஃபோனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், எந்தப் பேட்டிக்குப் போகலாம், யாரோடு மேடையில் உட்காரலாம் என்று தீர்ப்பு சொல்வார்கள். அன்பில்தான் தொடங்கும். ஒரு வருஷத்தில் அந்த எழுத்தாளரைக் கூப்பிடுவதையே எல்லாரும் விட்டுவிடுவார்கள். ஃபோன் அவரிடமே இருக்கட்டும்.

மூன்றாவது, எல்லாக் கூட்டத்துக்கும் போகாதீர்கள். இது உங்களுக்குக் கொஞ்சம் வலிக்கும். கூட்டத்தில் உண்மையான சந்தோஷம் மேடையில் இல்லை, அது முடிந்தபின் வெளியே டீக்கடையில் இருக்கிறது. நாலு எழுத்தாளர்கள் நின்றுகொண்டு வம்பும் பேசி, படித்ததையும் பேசி, யாரையாவது திட்டி, சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஆண் எழுத்தாளர்களுக்கு இது காலங்காலமாக வாய்த்த சுகம். பெண்களுக்கு இப்போதுதான் கொஞ்சம் வாய்க்கிறது, அதுவும் கார் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டு கணவர் பக்கத்தில் நின்றால் பேச்சு அங்கேயே படுத்துவிடும். நீங்கள் அப்படி நிற்கிறவர் என்று சொல்லவில்லை. தனியாகப் போய்வர விருப்பமா என்று கேட்டுப் பாருங்கள் என்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கடையும் பையனும் உங்களுடையது. பாட்டிக்கும் வாரத்தில் ஒரு நாள் லீவு வேண்டாமா!

சொந்தக்காரர்கள் பேச்சுக்கு வருகிறேன். வை.மு.கோதைநாயகி அம்மாள் கதை உங்கள் மச்சானுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 1901-ல் பிறந்தவர், ஐந்து வயதில் கல்யாணம், எழுதப் படிக்கக் கற்றதே அதற்குப் பிறகுதான். கணவர் பார்த்தசாரதி அவரை நாடகம் பார்க்க அழைத்துப் போனார், எழுத உற்சாகப்படுத்தினார். 1925-லிருந்து ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை அந்த அம்மாள் நடத்தினார், நூற்றுக்கு மேல் நாவல் எழுதினார், மேடையேறிப் பேசினார். அன்றைக்கு ஊர் என்ன பேசியிருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், நீங்கள் கேட்பதெல்லாம் அதன் முன்னால் தூசு. ‘அந்தக் கணவன் நீதானா’ என்ற கேள்விக்கு விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் மாட்டிக்கொள்வீர்கள். ‘எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு மச்சான், படிச்சுட்டு நீங்களே சொல்லுங்க, 300 ரூபாதான்’ என்று சொல்லிவிடுங்கள். இலவசப் பிரதி கேட்கிற உங்கள் பக்கத்து உறவுகளைச் சமாளிப்பதும் உங்கள் பொறுப்பு. பதிப்பாளர் தருவது ஐந்தோ பத்தோ பிரதி, அதைச் சித்தப்பா வீட்டு ஷோகேஸில் வைப்பதற்காக யாரும் எழுதவில்லை.

ஃபேஸ்புக். இனிமேல் நாவலைப் பற்றி ஒரு வரி, ஒரு லைக், ஒரு எமோஜிகூட உங்கள் கணக்கிலிருந்து போகக் கூடாது. விமர்சனம் எழுதியவர் புத்தகத்தைத்தான் திட்டினார், நீங்கள் பதில் போட்டதும் அது குடும்பச் சண்டை ஆகிவிட்டது. அதைப் பார்க்கிற அடுத்த விமர்சகர், பாராட்டுகிறவரும்கூட, ‘எதுக்கு வம்பு, கணவர் வந்துடுவார்’ என்று ஒதுங்கிவிடுவார். ஒரு நாவலுக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது. திட்டி வந்ததைச் சாப்பாட்டு நேரத்தில் படித்துக் காட்டுவதும் வேண்டாம். அவரே பார்த்துவிட்டு வந்து உங்களிடம் புலம்பினால் கேட்டுக்கொள்ளுங்கள், ‘அவன் கிடக்கான்’ என்று உடனே முடித்துவிடாமல். புலம்புகிறவருக்குத் தீர்ப்பு வேண்டாம், காது வேண்டும். சொந்த நாவலில் எந்த இடம் பலவீனம் என்று அவருக்கே தெரியும், அந்த விமர்சகர் அதில் கை வைத்ததால்தான் வலிக்கிறது. உங்கள் கருத்தைக் கேட்டால் ஒழிய இந்தச் சீசனில் சொல்லாதீர்கள்.

கடைசியாக ஒன்று. அழைப்புகள் ஒருநாள் குறையும். அடுத்த ஜனவரியில் வேறு ஒரு புதுப் பெயர் வரும், கூட்டம் அந்தப் பக்கம் திரும்பும். அப்போது அவர் கொஞ்ச நாள் எதையோ தொலைத்த மாதிரி இருப்பார், எழுத உட்கார்ந்தாலும் ஓடாது. அந்த நேரத்தில் ‘அடுத்த நாவல் எப்போ’ என்று எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் ஒருவராவது கேட்காமல் இருங்கள்.

அன்புள்ள அக்கா, என் கணவர் முப்பது வருஷமாக எழுதுகிறார். இந்த வருஷம்தான் பெரிய விருது கிடைத்து ஊர் ஊராகப் பாராட்டு விழா. ஒவ்வொரு மேடையிலும் ‘என் மனைவி இல்லாவிட்டால் நான் இல்லை’ என்று கண் கலங்கி, என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைக்கிறார். அவர் கையெழுத்துப் பிரதி முழுக்க நான் டைப் செய்தது, புரூஃப் பார்த்தது, தபாலில் போட்டது. வீட்டுக்கு வந்தால் குடித்த டம்ளரைக் கூட எடுத்து வைக்க மாட்டார். எழுந்து நிற்கவே எரிச்சலாக இருக்கிறது. – ஒரு வாசகி, திருநெல்வேலி

எழுந்து நிற்காதீர்கள். உட்கார்ந்த இடத்திலேயே கும்பிட்டுவிட்டு விடுங்கள், அவர் புரிந்துகொள்கிறாரா பார்ப்போம்.

மேலே திண்டுக்கல் தம்பி கொஞ்ச நாள் பெட்டி தூக்கியதற்கே ‘எவ்வளவு பெருந்தன்மையான மனுஷன்’ என்று ஊரில் பாதிப் பேர் மெச்சியிருப்பார்கள். மனைவிமார் முப்பது வருஷம் செய்தால் அதற்குப் பேரே கிடையாது. பாரதி 1921-ல் போனபின் செல்லம்மாள் ‘பாரதி ஆச்ரமம்’ என்று ஒரு பதிப்பகத்தையே தொடங்கி அவர் பாட்டுகளைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். பதிப்பாளர் என்று அவரை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பாரதியின் மனைவி, அவ்வளவுதான்.

உங்களுக்கு நன்றியைவிட உருப்படியான இரண்டு விஷயம் கேட்கச் சொல்வேன். அடுத்த பதிப்பில் உள்பக்கத்தில், அச்சகத்தின் பெயர் வரும் அதே பக்கத்தில், ‘தட்டச்சு, மெய்ப்பு’ என்று போட்டு உங்கள் பெயர் வர வேண்டும். சமர்ப்பணத்தில் வேண்டாம், அது பாசக் கணக்கில் போய்விடும். இது வேலைக் கணக்கு. இரண்டாவது, பாராட்டு விழாக்களில் பாதிக்கு நீங்கள் போக வேண்டாம். அந்த நாளில் பாபநாசத்துக்கோ அக்கா வீட்டுக்கோ போங்கள், வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு. டம்ளர் தானாகக் கழுவப்படாது என்பதை அவர் தனியாகவே கண்டுபிடிக்கட்டும். விருது வாங்கியவருக்கு அந்த அளவு அறிவு இருக்கும்.

நானும் மனைவியும் இரண்டு பேருமே எழுதுகிறவர்கள். அவள் சிறுகதைத் தொகுப்பு நன்றாகப் போகிறது, இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. என்னுடையது அதே பதிப்பகம், அதே மாதம், பிரிக்காத பண்டலாகக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அவள் கூட்டங்களில் கைதட்டுகிறேன், ஆனால் உள்ளே வயிறு எரிகிறது. இதை அவளிடம் சொல்லலாமா? – சேலத்திலிருந்து

சொல்லுங்கள். அவருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? ஒரே வீட்டில் இருக்கிற இன்னொரு எழுத்தாளர், அதுவும் சிறுகதைக்காரர். நீங்கள் எந்த நொடியில் கைதட்டுவதை நிறுத்தினீர்கள் என்பது வரை கவனித்திருப்பார்.

ஆனால் எப்போது சொல்வது என்பதில் கவனம். கூட்டத்துக்குக் கிளம்பும்போதோ அவருக்கு நல்ல மதிப்புரை வந்த நாளிலோ வேண்டாம். அன்றைக்குச் சொன்னால், அவர் சந்தோஷப்படுவதற்கே உங்களிடம் அனுமதி கேட்கிற நிலைமை வந்துவிடும், அப்புறம் நல்ல செய்திகளை உங்களிடம் மறைக்க ஆரம்பிப்பார். ஒன்றுமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை சொல்லுங்கள். ‘பொறாமையா இருக்கு, அது உன்னோட தப்பில்ல, நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், தெரிஞ்சு வச்சுக்கோ’ என்ற அளவில் போதும்.

உங்கள் புத்தகத்தைப் பற்றியும் கொஞ்சம். ஒரே பதிப்பகம், ஒரே மாதம் என்று எப்படி ஒப்புக்கொண்டீர்கள்? ஒரே கையில் இரண்டையும் வாங்கிப் பார்க்கிற வாசகர் ஒப்பிடாமல் என்ன செய்வார்? அடுத்த புத்தகத்துக்கு வேறு பதிப்பகம், வேறு மாதம். இந்த ஜூலையில் கோவை, ஆகஸ்டில் ஈரோடு இருக்கிறதே, எல்லாரும் ஜனவரியில் போய் முட்டிக்கொள்ள வேண்டும் என்று சட்டமா? கட்டிலுக்கு அடியில் கிடக்கிற பண்டலை இன்றைக்கே பிரியுங்கள், கரையான் விமர்சகரைவிட மோசம். மனைவி பேசப் போகிற மேடையில் உங்கள் புத்தகத்தையும் சேர்த்து வைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அவரே வைத்தால் அது வேறு.

மனைவிக்கு முதல் ராயல்டி காசோலை வந்திருக்கிறது. அதை என் கணக்கில் காட்டினால் வரி குறையுமா? புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. வேறு உண்டா? – தஞ்சாவூர் வாசகர்

உங்கள் கணக்கில் காட்ட முடியாது. எழுதியவர் அவர், வருமானம் அவருடையது. பான் எண்ணைப் பதிப்பகத்தில் கொடுத்துவைக்கச் சொல்லுங்கள். அச்சுப் புத்தகம் வாங்குகிறவர் அதற்கு ஜி.எஸ்.டி. கட்ட வேண்டியதில்லை.

வரிச் சலுகை ஒன்று உண்டு, எழுத்தாளர்கள் பலருக்குத் தெரியாது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 80 கியூ.கியூ.பி. என்று ஒரு பிரிவு. இலக்கிய, கலை, அறிவியல் நூல்களின் ராயல்டியில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம், பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும். பள்ளிப் பாடப்புத்தகம், கைடு, டைரி இதற்கெல்லாம் கிடையாது. பதிப்பாளரிடம் ஒரு படிவம் வாங்க வேண்டும். 2025-ல் புதுச் சட்டம் வந்து பிரிவு எண்களெல்லாம் மாறியிருப்பதால், தாக்கல் செய்யும்போது ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். 3 லட்சத்தைத் தொடுகிற தமிழ் எழுத்தாளர்கள் எத்தனை பேர் என்று என்னைக் கேட்காதீர்கள். அப்புறம், அந்த முதல் காசோலை, எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும், வீட்டு ஃபிரிட்ஜ் தவணைக்குப் போகக் கூடாது. அவர் இஷ்டத்துக்கு ஏதாவது வாங்கிக்கொள்ளட்டும்.

அடுத்த மாதம் கோவையில் மனைவியின் கவிதை நூல் வெளியீடு. கணவர் என்ற முறையில் நானும் மேடையில் பேசணும் என்று நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். என்ன பேசலாம்? – கோவை வாசகர்

மனைவி கேட்டாரா? கடிதத்தில் அது இல்லை. நண்பர்கள் கேட்டால் நண்பர்களின் புத்தக வெளியீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

அவரே கேட்டிருந்தால் மூன்று நிமிஷம், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். ‘நான் அனுமதித்தேன்’, ‘சுதந்திரம் கொடுத்தேன்’, ‘சமையலறையிலிருந்து மேடைக்கு’ இந்த மூன்றும் வாயில் வரக் கூடாது. பெண் பார்க்கப் போன கதையும் வேண்டாம், அது எல்லா வெளியீட்டிலும் வருகிறது, கூட்டம் சிரிக்கும், அடுத்த நாள் செய்தியில் கவிதை இருக்காது, உங்கள் ஜோக்தான் இருக்கும். புத்தகத்திலிருந்து உங்களுக்குப் பிடித்த ஒரு கவிதையைத் தேர்ந்தெடுத்து, வீட்டில் நாலு தடவை சத்தமாகப் படித்துப் பழகி, அங்கே போய் நிதானமாக வாசித்துவிட்டு இறங்கிவிடுங்கள். எந்தக் கவிதை என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதே கவிதையை அவர் ஏற்புரையில் வாசிப்பதாக வைத்திருக்கப் போகிறார்.